அந்தக் கைதட்டல் யாருக்கு?

கேள்வி: பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானின் 1973 ஆல்பம் 'குட்பை யெல்லோ பிரிக் ரோட்' போன வாரம்தான் முதல்முதலாகக் கேட்டேன். 17 பாட்டையும் ஒரே மூச்சில்! 'பென்னி அண்ட் தி ஜெட்ஸ்' பாட்டில் கைதட்டல் காதைப் பிளக்கிறதே, அது எந்த ஊர்க் கச்சேரி? ஐம்பது வயதில் இதையெல்லாம் கேட்க ஆரம்பிப்பது ரொம்ப லேட்டோ?

பதில்: எந்த ஊர்க் கச்சேரியும் இல்லை. பாரிஸ் பக்கத்தில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் பதிவானது. (முதலில் ஜமைக்கா போய், அங்கே சரிப்படாமல் மூட்டை கட்டி வந்தார்கள்.) கைதட்ட அங்கே கூட்டமே கிடையாது.

பாட்டின் தொடக்கத்தை இன்னொரு முறை கேளுங்கள். பியானோவில் ஒரே ஒரு 'கார்டு' (சில சுரங்களைச் சேர்த்து ஒரே அடி) விழும். ஒரு சின்ன இடைவெளி. அப்புறம்தான் பாட்டு கிளம்பும். பதிவின்போது எல்டன் ஜான் ஏதோ நினைப்பில் அதை ஒரு தாளக்கட்டு முன்னதாகவே தட்டிவிட்டார். வேறு தயாரிப்பாளர் வெட்டி எறிந்திருப்பார். இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் கஸ் டட்ஜனுக்கோ அது மேடைக் கலைஞர் பாட்டுக்கு முன் காட்டும் ஜாடை போலப் பட்டது. மேடை என்றால் கூட்டம் வேண்டாமா? எல்டன் ஜானின் லண்டன் கச்சேரி ஒன்றிலிருந்து கொஞ்சம், 1970-இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவு இசை விழாவில் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு எழுந்த ஆரவாரத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டிவிட்டார். ஆக, நீங்கள் கேட்ட கூச்சலில் ஒரு பங்கு, ஆல்பம் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துபோனவருக்குப் போட்டது!

லேட்டா? அந்தப் பாட்டின் அருமை எல்டன் ஜானுக்கே லேட்டாகத்தான் தெரிந்தது. சிங்கிளாக (தனிப் பாட்டு இசைத்தட்டாக) விடாதீர்கள் என்று முரண்டு பிடித்தார். 1974 ஏப்ரலில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் அதுதான் முதலிடம்.

இரவல் கைதட்டலில் எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. ஒரு டிவி பட்டிமன்றத்துக்கு ஓசி பாஸில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். நடுவர் வருவதற்கு முன்பே கேமராக்காரர் வந்து, "எல்லாரும் நல்லாச் சிரிச்சு ஒரு தடவை கைதட்டுங்க சார்" என்றார். பாவம், பிழைப்பு என்று தட்டினேன். பொங்கலன்று ஒளிபரப்பினார்கள். இந்தப் பக்கத்தில் பத்து வருஷமாக நான் வறுத்தெடுக்கும் அதே பேச்சாளர் மாமியார் ஜோக் சொல்கிறார். அடுத்த ஷாட்டில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான்! மறுநாள் காலையிலேயே அவரிடமிருந்து போன்: "கடைசியில் உங்களையும் சிரிக்க வெச்சுட்டேன் பாத்தீங்களா?"