மலை வண்டி வாங்கி விற்க: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வாங்கி, சரிசெய்து விற்றுப் பக்க வருமானம் பார்க்க விரும்பும் நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2014 மாடல் ஆல்டோ 800 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், குன்னூர்

கிலோமீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சமவெளியில் 38,000 ஓடிய வண்டி நாலாவது, அஞ்சாவது கியரில் ஓடியிருக்கும். குன்னூர் வண்டி அதே தூரத்தை இரண்டிலும் மூன்றிலும் ஏறி, பாதிக் கிளட்சில் நின்று, பிரேக்கை மிதித்தபடியே இறங்கி முடித்திருக்கும். இன்ஜின் நன்றாகவே இருக்கலாம். தேய்வெல்லாம் கிளட்ச், பிரேக், முன்பக்க ஆக்ஸில் ஆகியவற்றில்தான். அதோடு துரு.

கிளட்சிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் சூடான பிறகு ஓர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போய், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இரைச்சல் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்த்து முழு செட்டாகப் போடுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். இறக்கியதும் ஃப்ளைவீலை, அதாவது கிளட்ச் பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரத்தைப் பாருங்கள். நீலமாகவோ கறுப்பாகவோ சூட்டுத் திட்டுகள் இருந்தால் லேத்தில் கொடுத்து அதன் முகத்தைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். அப்படியே விட்டால் புது செட்டும் ஏற்றத்தில் உதறும்.

அடுத்து முன்சக்கரங்களைக் கழற்றச் சொல்லுங்கள். தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். டிஸ்க்கில் நீலம் ஓடியிருந்தால் வண்டி பெட்ரோல் மிச்சத்துக்காக நியூட்ரலில் இறக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பேடில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே மிச்சமிருந்தால் மாற்றியே தீர வேண்டும். பின்பக்க டிரம்மைத் திறந்து, வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது.

பிரேக் ஆயிலை எந்த வண்டியானாலும் மாற்றிவிடுங்கள். இதில் பேரமே வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மூட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புது டாட் 3 (டப்பாவில் போட்டிருக்கும் தர வகை) ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். பர்லியார் இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போவது பல வண்டிகளில் இதனால்தான். இன்னும் சூடு தாங்கும் டாட் 4 ஒரு லிட்டர் வாங்கி, நாலு சக்கரத்திலும் பழசும் காற்றும் முழுக்க வெளியேறும்வரை பிளீடிங் செய்யுங்கள். மூடி திறந்த டப்பாவை மிச்சம் பிடித்து அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் வெளிப்பக்க ஆக்ஸில் ஜாயின்ட் போயிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஓயாமல் ஒடித்து ஒடித்து, முதலில் ரப்பர் பூட் கிழியும், பிறகு கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். பூட் மட்டும் கிழிந்திருந்தால் செலவு சிறியது. சத்தம் வந்துவிட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

துருவுக்குத் தரை கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் தைல மர இலையும் சில்வர் ஓக் சருகும் அடைத்து, தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கும். கார்பெட் மேலே காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் பஞ்சு பிழிந்தால் சொட்டும். ஸ்டெப்னி குழி, கதவின் அடி விளிம்பு, ரன்னிங் போர்டு மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு, மந்தமாகக் கேட்டால் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி (புட்டி). ஒரு சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும்; பட்டியில் அது ஒட்டாது. ஜாக்கி வைக்கும் இடமோ, ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் தகடோ துருப்பிடித்து உதிர்ந்தால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். அதை வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பூச்சடித்து விற்பது இன்னொரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது.

உங்கள் ஆல்டோ 800-க்கு ஒன்று கூடுதலாக: இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்க அதில் டைமிங் செயின் இல்லை, பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் வயதைக் கருதி மாற்றி, அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது உதவும்.

கேள்வி: பார்த்த காரில் இன்ஜின் ஆயில் மூடிக்குள் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். காலையில் வெள்ளைப் புகையும் வருகிறது. – வாசகர், கோத்தகிரி

இரண்டையும் வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. குளிரில் கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் சூடேறுவதே இல்லை. உள்ளே ஊறும் ஈரம் மூடியில் வெண்ணெயாகப் படியும். காலைப் புகையும் பெரும்பாலும் சைலன்சரிலுள்ள தண்ணீர் ஆவியாவதுதான்.

மூடியைத் துடைத்துவிட்டு மேட்டுப்பாளையம்வரை இறங்கி ஏறுங்கள். திரும்பியதும் மூடி சுத்தமாகவும், டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகவும், இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அதே அளவிலும் இருந்தால் பயமில்லை. ஆயில் மாற்றினால் போதும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கூலன்ட் குறைகிறது, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறது என்றால் மெக்கானிக் சொன்னதே சரி. சூடான இன்ஜினில் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஊட்டி உயரம் சுமார் 2,240 மீட்டர்; திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே அழுத்தம் தாங்கும் நல்ல மூடி அவசியம். உறைபனி நாளில் வெறும் தண்ணீர் உறைந்து விரியும் ஆபத்தும் இருக்கிறது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

கேள்வி: கேரளப் பதிவு கார் இங்குள்ள விலையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், கூடலூர்

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முந்தைய மாடல் என்றால் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளின் உள்முனையில் சேற்றுக் கறை தெரியும். அந்த இடத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பது ஆகியவையும் அடையாளம். தண்ணீர் குடித்த வண்டியின் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு முடிவே கிடையாது. இனம்தெரியாத பழுது ஒவ்வொன்றாக வரும்.

வண்டி நல்லதாக இருந்தாலும், படிவம் 28-ல் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுச் சாலை வரி, புதுப் பதிவெண் என்று செலவு இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்தால் 'மலிவு' பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேள்வி: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் ஓனரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, என் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்கு விற்கலாமா? புரோக்கர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். – வாசகர், ஊட்டி

வேண்டாம். இடையில் விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களை நம்பி வண்டியைக் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாட்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடே போய்விடும். பிரீமியம் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்றால் உங்கள் பெயருக்கே மாற்றி விற்பதுதான் நேர்வழி. ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடுவதால் விலை கொஞ்சம் இறங்கும். வாங்கும்போதே அதைக் குறைத்துக் கேளுங்கள். தொழிலாகவே செய்வதானால், 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி ஆர்டிஓவிடம் டீலர் அங்கீகாரம் பெறலாம். ஐந்து ஆண்டு செல்லும். அதன்பின் வண்டி உங்களிடம் வந்ததைப் படிவம் 29சி-யில் பதிந்தால் போதும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு லாபத் தொகையின் மேல் 18 சதவீதம் வரி உண்டு.

ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், வங்கியின் என்ஓசியும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பாக்கி அபராதங்களை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். எத்தனை பேர் கேட்டாலும் ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கவும் கூடாது.

கேள்வி: முழு பெயின்ட் அடித்தால் விலை கூடுமா? – வாசகி, அருவங்காடு

கூடாது. எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் கூடும். அடிபட்ட பேனலை மட்டும் சரிசெய்யுங்கள். அதையும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூட்ட நாளில் அடித்தால் ஈரம் உட்கார்ந்து பெயின்ட் வெளுத்துப் போகும். அவசரமென்றால் ஓவன் உள்ள கடையாகப் பார்த்து மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்குங்கள்.

கேள்வி: எவ்வளவுக்கு வாங்கினால் மிஞ்சும்? கோவையில் விற்பது லாபமா? – வாசகர், லவ்டேல்

விற்கும் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 2,40,000-க்குப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் 28,000, பேப்பரும் இன்சூரன்ஸும் 12,000, அலைச்சல் 5,000, எதிர்பாராததற்கு 15,000, உங்களுக்கு 25,000. மொத்தம் 85,000 கழிந்தால் 1,55,000. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறாதீர்கள். அந்த 15,000-ஐ லாபத்தில் சேர்த்து எண்ணுபவர்தான் நஷ்டப்படுகிறார்.

கோவையில் விற்பதானால் ஏசிதான் விலையைத் தீர்மானிக்கும். வாங்க வருபவர் ஏறியதும் முதலில் அதைத்தான் போடுவார். நம் வண்டிகளில் வருடக்கணக்கில் ஏசி போடுவதில்லை. கம்ப்ரசர் சுழலாததால் ஆயில் போய்ச் சேராமல் சீல் காய்ந்து, கேஸ் கசிந்துவிடும். வெறுமனே கேஸ் டாப்-அப் செய்தால் சில வாரத்தில் அதுவும் போய்விடும். நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து, சீலை மாற்றி, அரை மணி நேரமாவது வாக்குவம் இழுத்து, பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடை போட்டு கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். ஊட்டிக் குளிரில் ஜில்லென்று காற்று வருவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்தில் மதிய வெயிலில் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு ஐடிலில் பாருங்கள். குளிர்ச்சியும் குறையாமல், இன்ஜின் சூடும் ஏறாமல் இருந்தால் அன்றைக்கே வண்டியைப் பார்ட்டிக்குக் காட்டலாம்.