ரசீது இல்லாத நன்கொடை

அன்புள்ள ஐயா,

தேவகோட்டை பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் கல்யாணச் சமையல் மாஸ்டர். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். கணிதம் 91, இயற்பியல் 74, வேதியியல் 72. கட்-ஆஃப் 164. இரண்டு பக்கக் குடும்பத்திலும் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவளை, நல்லா வரட்டும் என்று பதினொன்றாவதில் தனியார் பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஓர் ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டாம். வருடத்துக்கு 1,60,000, ஹாஸ்டல் 1,10,000, டொனேஷன் இரண்டரை லட்சம். டொனேஷனுக்கு ரசீது கிடையாதாம். இந்த வாரமே முன்பணம் கட்டாவிட்டால் சீட்டு போய்விடும் என்கிறார். வீட்டில் பன்னிரண்டு பவுன் இருக்கிறது, அடகு வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கவுன்சிலிங் வரை காத்திருந்து ஒன்றும் கிடைக்காமல் போனால் பிள்ளை எங்களைத்தானே குறை சொல்வாள்? இவளுக்கு அடுத்தவன் எட்டாவது படிக்கிறான். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் என் மகனுக்காக நானும் இதே மாதிரி ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்துக் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். தொகை எவ்வளவு என்று கேட்டபோது மட்டும் வாய் திறக்கவில்லை. பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். நாங்கள் படித்து முடித்ததும் தாளைத் தன் பக்கம் இழுத்து, ரப்பரால் அழித்துவிட்டு, தூளை ஊதினார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்பதாயிரம் முன்பணம் கட்டி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், அடுத்த இலையில் இருந்தவர் "தம்பிக்கு எங்க சீட்டு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலைதான் நாற்பதாயிரம்.

அப்புறம் கவுன்சிலிங்கில் அவனுக்கு நல்ல இடமே கிடைத்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டால், மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று முறை சென்னைக்கு அலைந்தேன். சான்றிதழ் வந்தது, பணம் வரவில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும், ஒரிஜினலை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆகவே யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். இந்தச் சீட்டு வேண்டாம் என்பதே என் எண்ணம். அதற்குக் கணக்குதான் காரணம்.

என் ஐயா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எதற்கும் ஐந்தொகை எடுத்துப் பார் என்பார். இன்று பேலன்ஸ் ஷீட் என்கிறோமே, அதுதான். நாலு வருடத்தையும் ஒரே தாளில் எழுதினால், கட்டணம் 6,40,000, ஹாஸ்டல் 4,40,000, டொனேஷன் 2,50,000. ஆக 13,30,000. பரீட்சைக் கட்டணம், லேப்டாப், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வந்து போகும் பஸ் காசு எதுவும் இதில் இல்லை. ஏஜென்ட் எப்போதும் முதல் வருடத்தை மட்டும்தான் சொல்வார்.

நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கடன். வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, நாலு லட்சம் வரை ஜாமீனும் இல்லை, ஏழரை லட்சத்தைத் தாண்டினால்தான் சொத்து அடமானம் கேட்பார்கள். ஆனால் தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஏழரை லட்சத்தை நாலு வருடத்தில் சமமாக வாங்கினால், பத்து சதவீதத் தனிவட்டியில், முதல் தவணை தொடங்கும் முன்பே வட்டி மட்டும் 2,62,500. அசலையும் இந்த வட்டியையும் சேர்த்துப் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 13,000-க்கு மேல் வரும். இருபதாயிரம் சம்பளத்தில் சேரும் பெண்ணின் கையில் என்ன மிஞ்சும்? ரசீது இல்லாத இரண்டரை லட்சத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது என்பதையும் கவனியுங்கள். அந்த நகை அதற்காகத்தான் போகப்போகிறது.

இந்த 'டொனேஷன்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். நன்கொடை என்றால் என்ன என்று நம்மூருக்குத் தெரியும். 1947-இல் கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது ஊரறியக் கொடுத்த நன்கொடை. உங்களிடம் கேட்கும் நன்கொடைக்கு ஒரு துண்டு ரசீதுகூட இல்லை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. பென்சிலும் ரப்பரும் அதனால்தான்.

கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது என்று யார் சொன்னது? சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள் அரசு ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகத்தான் நிரம்புகின்றன. உங்களிடம் விலை பேசும் அதே கல்லூரியே அந்தப் பட்டியலில் இருக்கலாம், பாருங்கள். 2017-இல் தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கும் குழு, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் 55,000 என்றும், கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 என்றும் வைத்தது. இந்த ஆண்டுத் தொகையைப் பார்த்துக்கொண்டு, 1,60,000-இல் மீதி எதற்கு என்று ஏஜென்டைக் கேளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று சொன்னால் அது வேறு கணக்கு, இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது.

உங்கள் மகள் முதல் தலைமுறைப் பட்டதாரி. கல்விக் கட்டணத்தில் அதற்கென்று சலுகை இருக்கிறது. ஆனால் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்த அன்றே அது போய்விடும். இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 164-க்கு எது கிடைக்கும் என்பது உங்கள் சமூகப் பிரிவையும் பொறுத்தது. போன ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்பது கவுன்சிலிங் தளத்திலேயே கிடக்கிறது. காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியையும் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டாலும் வேறு பிரிவு கிடைக்கலாம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். ஹாஸ்டல் இல்லை என்றால் 4,40,000 அப்படியே மிச்சம்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. பதினொன்றாவதில் பள்ளியை மாற்றியதில் அது கைநழுவிப் போயிற்று. நல்லெண்ணத்தில் செய்ததுதான், மகளிடம் இதைப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். எட்டாவது படிக்கும் தம்பி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் இருந்தால் அவனை அங்கேயே விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு சிக்கலும் கண்ணில் படுகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரம் பெரும்பாலும் ஆடியில் வரும். ஆடியில் கல்யாணம் இல்லை, மாஸ்டருக்கு வேலையும் இல்லை. வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் வரும் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை குறை சொல்வாளோ என்று பயப்படுகிறீர்கள். அவளிடம் கணக்கைக் காட்டினீர்களா என்று தெரியவில்லை. ஏஜென்ட் சொன்ன சீட்டுக்கு ஒரு பக்கமும், கவுன்சிலிங் சீட்டுக்கு ஒரு பக்கமுமாக ஒரு தாளில் கோடு போட்டு அவளிடமே கொடுங்கள். அவளே எழுதிக் கூட்டட்டும். கணிதத்தில் 91 வாங்கியவள்தானே.

அன்புடன்