எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டால் கேட்க ஆளில்லையா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு நடத்துகிறேன். ஸ்டீபன் சோண்ட்ஹைமின் 'கம்பெனி' இசை நாடகத்தை மேடையேற்றப்போகிறோம். 2018இல் லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்கில் பார்த்தது போலவே, ஐந்து தம்பதிகளின் நண்பனாக, 35 வயதிலும் கல்யாணமாகாமல் இருக்கும் நாயகன் பாபியைப் பெண்ணாக்கி, ஏமி என்ற மணப்பெண்ணை ஜேமி என்ற ஆணாக்கியிருக்கிறோம். எங்களிடம் பெண்கள் அதிகம், ஆண்கள் ஆறே பேர் என்பதும் ஒரு காரணம். உரிமம் வாங்கியது 1970இன் மூலப் பிரதிக்குத்தான். பெயர்களையும் 'ஹி', 'ஷி'களையும் நாங்களே மாற்றிக்கொண்டோம். எழுதியவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே. ஆனால் மூத்த உறுப்பினர்கள் சிலர் 'நல்ல நாடகத்தைக் கெடுக்கிறீர்கள்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒத்திகை தொடங்கிவிட்டது. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மூத்தவர்களின் வாயை அடைக்க என்னிடம் வசனம் கேட்கிறீர்கள். தரமாட்டேன். பழைய நாடகத்தில் பாத்திரத்தின் பாலினத்தை மாற்றலாமா, ஆண்-பெண் காதலை ஆண்-ஆண் காதலாக ஆக்கலாமா என்ற சண்டை எனக்குச் சலித்துப்போன ஒன்று. மாற்றலாம். ஒழுங்காகச் செய்தால் நாடகம் பிழைக்கும், அரைகுறையாகச் செய்தால் சாகும். என்னை நிறுத்தியது வேறொரு வரி. 'எழுதியவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே.'

அப்பா கண்ணை மூடிய மறுவாரம் பத்திரத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் சுவரை இடிக்கிற பிள்ளை இப்படித்தான் பேசுவான். உயிரோடு இருப்பவரிடம் சண்டை போட்டாவது சம்மதம் வாங்கலாம். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. அதனாலேயே அவர் விஷயத்தில் நம் கடமை கூடுகிறதே தவிர, குறைவதில்லை. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பிரிட்டனில் பொதுவாக ஆசிரியர் இறந்த பிறகும் 70 ஆண்டு காப்புரிமை உண்டு. வசனம் எழுதிய ஜார்ஜ் ஃபர்த் 2008இல் மறைந்தார், பாடலும் இசையும் எழுதிய சோண்ட்ஹைம் 2021 நவம்பரில். அதாவது அந்தப் பாடல்களுக்கு இன்னும் பல ஆண்டுகளுக்குச் சொந்தக்காரர் உண்டு. உங்கள் உரிமத்தையும் எடுத்துப் படியுங்கள். முன் அனுமதி இல்லாமல் வசனம், பாடல் வரி, பாத்திரத்தின் பாலினம் எதையும் மாற்றக் கூடாது என்ற பிரிவு இந்த உரிமங்களில் வழக்கமாக இருக்கும். மீறினால் காட்சியை நிறுத்தச் சொல்ல உரிமம் கொடுத்தவர்களுக்கு அதிகாரம் உண்டு.

2018இல் கீல்குட் அரங்கில் நீங்கள் கைதட்டியது யாருடைய வேலைக்கு என்று நினைக்கிறீர்கள்? இயக்குநர் மரியான் எலியட் கேட்டபோது சோண்ட்ஹைம் முதலில் தயங்கினார். ஒரு பட்டறை நடத்தி, அதைப் படம்பிடித்து அனுப்பிய பிறகுதான் இசைந்தார். பிறகு 88 வயதில் தன் வரிகளைத் தானே திருத்திக் கொடுத்தார். அதே தயாரிப்பு நியூயார்க்கின் பிராட்வேக்குப் போய், கொரோனாவால் நின்று, 2021 நவம்பரில் முன்னோட்டக் காட்சிகளோடு மீண்டும் தொடங்கியபோது அரங்கில் வந்து உட்கார்ந்தார். இரண்டு வாரத்துக்குள் காலமானார். உரியவரே பக்கத்தில் நின்று செய்துகொடுத்த மாற்றத்தை நீங்கள் நகலெடுக்கிறீர்கள்; கேட்டால் அவர் இல்லை என்கிறீர்கள்!

உரியவர் இல்லாதபோதும் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 'ஒக்லஹோமா!' நாடகத்தைப் படைத்த ஹேமர்ஸ்டைன் 1960இலும் ராட்ஜர்ஸ் 1979இலும் இறந்தார்கள். 2018இல் ஒரிகன் ஷேக்ஸ்பியர் விழாவில் பில் ரௌச் அதன் காதலர்களான கர்லி, லாரி இருவரையுமே பெண்களாக்கினார், ஏடோ ஆனி என்ற பெண்ணை ஏடோ ஆண்டி என்ற ஆணாக்கினார். உரிமை வைத்திருக்கும் அமைப்பிடம் பேசி, அனுமதி வாங்கித்தான் செய்தார்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஆண்கள் ஆறே பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1970 வடிவில் பாத்திரங்கள் 14: ஐந்து மனைவியர், மூன்று காதலியர் என எட்டுப் பெண்கள்; ஐந்து கணவர்கள், பாபி என ஆறு ஆண்கள். உங்கள் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. லண்டன் வடிவில் காதலிகள் மூவரும் காதலர்களாகிவிடுகிறார்கள், ஏமியும் ஆண். ஆக ஒன்பது ஆண்கள், பெண்கள் ஐந்தே பேர். பெண்கள் அதிகம் என்று சொல்லி மூன்று பெண் வேடங்களைக் கழித்திருக்கிறீர்கள். விரல்விட்டு எண்ணியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

பெயரை மட்டும் மாற்றினால் எங்கெல்லாம் உடையும் தெரியுமா? மூலத்தில் பாபியைப் 'பாவம் பிள்ளை' என்று பாடி, அவன் காதலிகளைப் பற்றிப் பொருமுவது தோழர்களின் மனைவிமார். பாபி பெண்ணான பிறகும் அவர்களே பாடினால் அதிலிருக்கும் பொறாமை செத்துவிடும். அதனால்தான் லண்டனில் அதைக் கணவர்களுக்குக் கொடுத்தார்கள். பாபிக்கு ஜோடி தேடும் பாட்டு நேர்மாறாகக் கணவர்களிடமிருந்து மனைவியருக்குப் போனது. ஜென்னி, டேவிட் தம்பதியின் வசனங்கள் தமக்குள் இடம் மாறின. காதலி ஒருத்தி ஆடும் நடனம், குழந்தை, குடும்பம் என்று பாபி காணும் கனவுக் காட்சியானது. ஏனென்றால் 35 வயதில் தனியாக இருக்கும் ஆணைச் சீண்டுவதோடு ஊர் நிறுத்திக்கொள்ளும். பெண்ணிடம் அவள் உடம்பே நாள் எண்ணுகிறது, ஊரும் சேர்ந்து எண்ணுகிறது. இது நம் வீடுகளில் தெரியாத விஷயமா?

தோழர் ஒருவரின் மனைவி ஜோவான் வரும் காட்சி இன்னும் மோசம். மூலத்தில் அவள் பாபியைப் படுக்கைக்கு அழைக்கிறாள், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். அப்போது அவன், 'நான் யாரைப் பார்த்துக்கொள்வது?' என்று கேட்டுவிடுகிறான். நாடகத்தின் உயிர் அந்தக் கேள்வி. தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது கல்யாணமாகாது, தான் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது. கடமை இல்லாத உறவை உறவாகவே மதிக்காதவள் நான். எனக்கு இந்த நாடகம் பிடித்துப்போனதே அந்த ஒரு வரியால். உங்கள் பிரதியில் 'ஷி' மட்டும் மாறியிருப்பதால், அதுவரை ஒரு சாடையும் காட்டாத ஜோவான் கடைசிக் கட்டத்தில் திடீரென்று ஒரு பெண்ணை அழைக்கிறாள். அவையோர் அதைப் பற்றித்தான் கிசுகிசுப்பார்கள், பாபியின் கேள்வி காதில் விழாது. லண்டனில் ஜோவான் தன் கணவனையே பாபிக்குக் கைகாட்டுகிறாள். அதற்கு வசனத்தையே திருத்த வேண்டும். திருத்த உங்களுக்கு உரிமை இல்லை.

ஜேமியின் கல்யாணமும் அப்படித்தான். நாடகம் நடக்கும் நியூயார்க்கில் ஆணும் ஆணும் சட்டப்படி மணக்க முடிந்தது 2011 முதல்தான். அந்தக் கல்யாணத்தை வைத்தால் காலத்தையும் இன்றைக்கு நகர்த்த வேண்டும். ஆனால் ஒரு பாட்டிலேயே, செய்தி வாங்கி வைக்கும் பழைய டெலிபோன் சர்வீஸ் வருகிறது. அதை என்ன செய்வதாக உத்தேசம்?

இசையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே! பாபியின் பாட்டுகள் ஆண் குரலுக்கு எழுதியவை. அப்படியே விட்டால் பெண் குரல் அடித்தொண்டையில் முனகும், ஒரு முழு ஸ்தாயி ஏற்றினால் கிறீச்சிடும். பொதுவாக ஐந்து முதல் ஏழு அரைச்சுரம் ஏற்ற வேண்டியிருக்கும். கச்சேரியில் ஆண் ஒரு கட்டையில் பாடினால் பெண் ஐந்து கட்டையில் பாடுகிறாரே, ஏறக்குறைய அந்த இடைவெளி. கச்சேரிக்குச் சுருதிப்பெட்டியைத் திருகினால் போதும். இங்கே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அச்சடித்த குறிப்பு உண்டு. ஏற்றினால் டிரம்பெட்காரர் உச்சியில் திணறுவார், இறக்கினால் வயலினில் கடைசித் தந்திக்குக் கீழே சுரமே கிடையாது. பதினான்கு பேரும் சேர்ந்து பாடும் இடங்களில் பாபிக்காக ஏற்றினால் மற்ற பெண்களின் மேல்சுரம் எட்டாமல் போகும். மூன்று காதலிகள் நெருக்கமான ஒத்திசையில் பாடும் பாட்டை ஆண்களுக்காக ஒரு ஸ்தாயி இறக்கினால் சொல் எதுவும் தெளியாமல் கொழகொழவென்று கேட்கும். வாடகைக்கு வந்த குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால்தான் எழுதலாம், திருப்பும்போது அழித்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மாற்றிய வரிகளை ஒத்திகை பார்ப்பதை நிறுத்துங்கள். உரிம நிறுவனத்துக்கு எழுதுங்கள்: பக்க எண், மூல வரி, நீங்கள் வைக்க விரும்பும் வரி, காரணம் என்று ஒன்றுவிடாமல் பட்டியல், நடிகர் பட்டியல், காட்சித் தேதிகள், இருக்கை எண்ணிக்கை. 2018 வடிவமே அமெச்சூர் குழுக்களுக்குக் கிடைக்குமா என்பதை முதல் வரியிலேயே கேளுங்கள்; கிடைத்தால் பட்டியலே வேண்டாம், ஆனால் ஒன்பது ஆண்களைத் தேட வேண்டும். ஏற்கெனவே மாற்றி ஒத்திகை பார்த்ததை மறைக்காதீர்கள். பதிலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். மறுத்துவிட்டால் 1970 வடிவத்தைப் போடுங்கள், உங்களிடம் இருக்கும் ஆட்களுக்கு அதுதான் பொருந்தும்.

பட்டியல் போட அந்த மூத்த உறுப்பினர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். உங்களைவிட அவர்களுக்குப் பிரதி நன்றாகத் தெரிந்திருக்கும், எந்த வரி எங்கே இடிக்கும் என்று சட்டென்று சொல்வார்கள். பதில் வரும்வரை டிக்கெட் விற்க வேண்டாம். ஜேமி வேடக்காரரிடம் இன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கல்யாணக் காலையில் மூச்சுவிடாமல் கொட்டும் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்வது சாமானிய வேலையல்ல, அதில் இன்னொரு வாரத்தை அவர் வீணாக்க வேண்டாம்.