பயறு வேர் பாக்டீரியாவைக் கூப்பிடுகிறது என்பது உண்மையா? ரைசோபியம் பாக்டீரியா பாக்கெட்டை விதையோடு கலந்தும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வேர்முடிச்சு ஏன் வரவில்லை?

உண்மைதான். ஆனால் கூப்பிட வேருக்குத் தெம்பும் வேண்டும், தேவையும் வேண்டும். கடலோர நிலத்தில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

வேர் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் எல்லாவற்றையும் மண்ணில் கசியவிடும். அது ஊர்ப் பந்தி, எந்த நுண்ணுயிரும் வந்து உட்காரலாம். ரைசோபியத்துக்கு மட்டும் பெயர் போட்டுத் தனிப் பத்திரிகை போகும், அதுதான் ஃப்ளேவனாய்டு என்ற வேதிப்பொருள். துளியளவே இருந்தாலும் பாக்டீரியாவுக்குள் முடிச்சுக்கான மரபணுக்களை எழுப்பிவிடும். குதிரைமசாலில் லூட்டியோலின் என்ற ஃப்ளேவனாய்டு இந்த வேலையைச் செய்வதை 1986இல் கண்டறிந்தார்கள். சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன்.

பாக்டீரியாவும் பதில் அனுப்பும்: சர்க்கரைச் சங்கிலியில் கொழுப்பு வால் ஒட்டிய ஒரு மூலக்கூறு. அது பட்டதும் வேர்த்தூவி தொரட்டி மாதிரி வளைந்து பாக்டீரியாவைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். முடிச்சு அப்புறம்தான். (நிலக்கடலை தனி ரகம். பக்கவேர் கிளம்பும் விரிசல் வழியாக உள்ளே விடும்.)

இனி நம்ம ஊர்க் கதை. உச்சிப்புளிப் பக்கம் தென்னைக்கு ஊடே எங்களுக்குக் கொஞ்சம் மணல் நிலம் உண்டு. ஐப்பசி மழைக்குத் தட்டைப்பயறு போடுவோம். ஒரு வருடம் அவசரப்பட்டு இரண்டு பாத்திக்கு யூரியா வீசினேன். கொடி கருகருவென்று ஓடியது. “இது மாட்டுக்குத்தான் ஆகும்” என்றார் அப்பத்தா. தோண்டிப் பார்த்தால் வேர் மொட்டை. தழைச்சத்து (நைட்ரஜன்) கைக்கே கிடைத்துவிட்டால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பஞ்சம் வந்தால்தான் பல பயறுகளில் ஃப்ளேவனாய்டு கசிவு கூடும்.

தாழ்வான மூலையில் கதை வேறு. கோடையில் அங்கே வெள்ளையாக உப்புப் பூக்கும். யூரியாவே போடாத இடம், பாக்கெட்டும் கலந்துதான் விதைத்தேன், ஆனாலும் செடி மஞ்சள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் மண்கட்டியோடு வெட்டி எடுத்து வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். ஒரு செடிக்கு நாலைந்து முடிச்சு, அதுவும் கடுகளவு. நகத்தால் கீறினால் உள்ளே வெளிறிய பச்சை. மேட்டுப் பாத்தி முடிச்சைக் கீறினால் மீன் செவுள் மாதிரி சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் பங்காளியான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. சிவந்திருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பலரும் இங்கே பாக்கெட் மேல்தான் பழி போடுகிறார்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டாக இருந்தால் சரி. ஆனால் உப்பைத் தாங்குவதில் பொதுவாகச் செடியைவிட ரைசோபியம் கெட்டி. உப்பில் வேர்த்தூவி சரியாக வளராது, வளையாது. செடி தரும் சர்க்கரையும் குறையும். அங்கே இன்னும் இரண்டு பாக்கெட் கொட்டினாலும் பத்திரிகை வைக்க வீட்டில் ஆள் இல்லை.

அந்த மூலையில் இப்போது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுகிறேன். அது உவரைத் தாங்கும், தனக்கென்று முடிச்சும் வைக்கும். மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் வரப்பை உயர்த்தியிருக்கிறேன், உப்பு கீழே இறங்கட்டும் என்று. உங்கள் வயலிலும் அடுத்த பாக்கெட் வாங்குமுன், விதைத்த 35, 40ஆம் நாளில் நாலு இடத்தில் தோண்டி முடிச்சைக் கீறிப் பாருங்கள்.