வாசகர் கேள்வி – பதில்: மேசைமேல் ஓடும் கரிக்கோச்சி

மாதிரிப் புகையிரதப் பாதை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

1:76 அளவில் ஒரு 4-6-0 (முன்னே 4 சிறு சக்கரம், அடுத்து 6 ஓட்டும் சக்கரம்) நீராவி எஞ்சின் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாதையைப்போலச் செய்ய ஆசை. ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் ஒடுங்கிய பாதையில் நிற்பதுபோலத் தெரிகிறது. ஏன்? – வாசகர், ஏறாவூர்

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. 1:76 அளவில், அதாவது அசலின் 76-இல் ஒரு பங்கில், ஓர் அடிக்கு 4 மி.மீ. கணக்கு. அப்படியானால் இரு தண்டவாளத்துக்கும் நடுவே 22 மி.மீ. இருக்கவேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மி.மீ. அந்த அளவு இங்கிலாந்தின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கே போதாது. நம் பாதைக்கு 5.5 மி.மீ. குறைகிறது.

22 மி.மீ. பாதையைக் கையாலேயே போடலாம். பெட்டிகளை மாற்றுவது சுலபம், நீளமான அச்சுப் போட்டால் முடிந்தது. எஞ்சினில்தான் வில்லங்கம். சக்கரங்களை வெளியே தள்ளினால் இணைப்புக் கம்பிகளும் சிலிண்டரும் கூடவே வெளியே வரவேண்டும். அடிச்சட்டத்தைப் புதிதாக வெட்டவேண்டும். முதற்பாதைக்கு இந்த வேலை வேண்டாம்.

16.5 மி.மீ. பாதையை வைத்துக்கொண்டே கண்ணை ஏமாற்ற வழி உண்டு. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான சிலிப்பர், அகலப் பாதையில் வழக்கமாக 9 அடி. கணக்குப்படி 36 மி.மீ. பலரும் அந்த நீளத்துக்குக் கட்டை வெட்டி அடுக்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். நீளமான கட்டையின் நடுவில் ஒடுங்கிய தண்டவாளம் இன்னும் ஒடுங்கித் தெரியும். 22-க்கு 36 என்ற விகிதத்தில் 16.5-க்குப் பொருந்துவது 27 மி.மீ. கடைப் பாதையின் சிலிப்பர் ஏறத்தாழ 30 மி.மீ. இருப்பதால் நீளத்தை அப்படியே விடலாம். மாற்றவேண்டியது இடைவெளியை. சிலிப்பர்களை இணைக்கும் அடிப் பிளாஸ்ரிக் துண்டுகளை வெட்டி, கட்டைகளை மையத்துக்கு மையம் 8 முதல் 9 மி.மீ. வரை பரப்பி ஒட்டுங்கள். பாதையின் முகமே மாறிவிடும்.

எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலமான பலகைதான் வைக்கலாம். மட்டக்களப்பைப்போலப் பாதை முடியும் நிலையம் ஒன்றை அதில் அடக்க முடியுமா? – வாசகர், மட்டக்களப்பு நகர்

முடியும். வட்டப் பாதையைவிட இந்த இடத்துக்கு இதுதான் பொருத்தம். கல்லோயாச் சந்தியில் பிரிந்து பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியே வரும் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. எனவே வந்த எஞ்சின் கழன்று, பக்கப் பாதையால் சுற்றிப்போய், மறுமுனையில் கொழுவவேண்டும். நீராவிக் காலத்துக்குரிய முழு வேலையும் அந்த ஒரு அசைவில் இருக்கிறது. 1928-இல் பாதை வந்ததிலிருந்து 1950-களில் டீசல் எஞ்சின்கள் வரத்தொடங்கிய காலம் வரை எந்த ஆண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு இது. பெட்டி ஒன்று 26 செ.மீ. என்றால் மூன்றுக்கு 78. இரு முனையிலும் உரசாமல் இருக்கச் சேர்த்து, எஞ்சின் சுற்றிப்போகும் பக்கப் பாதையின் பயன்படும் நீளம் 100 செ.மீ. பாதை பிரியும் இடத்துப் பொயின்ற், நடுத்தர அளவில் இரண்டுக்கு 44. பாதை முடிவில் எஞ்சின் ஒதுங்கி நிற்க 28. மொத்தம் 172 செ.மீ. எட்டடி என்பது 244. மிஞ்சும் 72-இல் நீர்த்தாங்கியும் சரக்குக் கொட்டகையும் வைக்கலாம். ஆனால் எஞ்சினோடு சேர்ந்த முழு வண்டி 103 செ.மீ. நிலையத்தை விட்டு வெளியேறியதும் அது மறைந்து நிற்க 120 செ.மீ. நீளத்தில் கழற்றிப் பூட்டும் பலகை ஒன்று வேண்டும். ஓட்டும் நேரத்துக்கு மட்டும் அதைக் கொழுவினால் போதும்.

பெரும்பாலும் பிழை வருவது அந்த 28 செ.மீ.-இல்தான். எஞ்சினின் உடம்பை மட்டும் அளந்து பாதையை வெட்டிவிடுவார்கள். கரியும் தண்ணீரும் சுமந்து எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டரின் கடைசிச் சக்கரம், பொயின்ற் நாக்கின் (அசையும் தண்டவாள முனையின்) மேலேயே நின்றுவிடும். கொக்கிக்குக் கொக்கி அளந்து, 3 செ.மீ. கூட்டுங்கள்.

தண்டவாளத்துச் சல்லிக்குக் கல்லடிக் கடற்கரை மணலை அரித்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் எஞ்சின் இறுகி, கரகர என்று சத்தம் போடுகிறது. – வாசகர், கல்முனை

கடல் மணலில் மூன்று குற்றங்கள். முதலாவது உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து, தண்டவாள அடியையும் சக்கர அச்சையும் அரிக்கும். இரண்டாவதுதான் உங்கள் எஞ்சினைப் பிடித்தது. கிழக்குக் கரை மணலில் கறுப்புக் கோடாகப் படிவது இல்மனைற் முதலான பாரக் கனிமங்கள். அவற்றோடு காந்தத்தில் ஒட்டும் மக்னற்றைற் மணிகளும் கலந்திருக்கும். மோட்டாரின் காந்தம் அவற்றைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பற்சக்கரத்திலும் அவை சிக்கும். மூன்றாவது, அலையில் உருண்ட மணல் மழுமழுவென்று இருக்கும். சல்லி என்பது உடைத்த கருங்கல், அதற்கு முனை இருக்கவேண்டும்.

கட்டட வேலைக்கு விற்கும் கருங்கல் தூளை ஒரு கிலோ வாங்குங்கள். 50 மி.மீ. சல்லி 1:76-இல் 0.66 மி.மீ. தேயிலை வடியில் சலித்துக் கீழே விழுவதை எடுத்து, அதை மெல்லிய துணியில் மறுபடி சலியுங்கள். மாவாகப் போவதை எறிந்துவிட்டு, துணியில் நிற்பதை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவிக் காயவிடுங்கள். பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கடதாசியில் சுற்றி, தூளின் மேல் பலமுறை ஓட்டுங்கள். கருங்கல்லிலும் காந்தம் பிடிக்கும் மணி இருக்கும் என்பதால் இதை விடக்கூடாது.

ஒட்டும்போது சல்லியைப் பரப்பித் தூரிகையால் ஒதுக்கி, சிலிப்பரின் மேல்முகம் தெரிய விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரைப் புகார்போலத் தெளித்து நன்றாக நனையுங்கள். நனையாத சல்லியில் பசை முத்து முத்தாக உருண்டு, கல்லையும் இழுத்துக்கொண்டு ஓடும். பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, மருந்துச் சொட்டுக் குழாயால் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள், மாரியில் மூன்று நாள் காயவேண்டும். பொயின்ற் நாக்கு அசையும் இடத்தில் பசையே வேண்டாம். நாலைந்து மணிகளைத் தனித்தனியே வைத்தால் போதும்.

இப்போதுள்ள எஞ்சினைத் திறந்து, காந்தத்தைச் சுற்றியுள்ள மணியை ஒட்டுப்பட்டியால் ஒற்றி எடுங்கள். ஊதினால் இன்னும் உள்ளே போகும்.

மாரி வந்ததும் பலகை வளைகிறது; பாதையின் கடைசியில் எஞ்சின் சோர்ந்துபோகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – வாசகர்கள், களுவாஞ்சிகுடி, காத்தான்குடி

ஈரம் என்ற அளவில் உண்டு, மருந்து வேறு வேறு. பலகை வளைவது ஒருபக்கம் மட்டும் வார்னிஷ் அடிப்பதால். 9 மி.மீ. பிளைவூட்டின் மேல், கீழ், நான்கு ஓரம், போட்ட ஓட்டை எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு. அடியில் 40 செ.மீ.-க்கு ஒரு குறுக்குச் சட்டம்.

சோர்வுக்குக் காரணம் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகச் செருகிகள். கடற்காற்றில் அவை மங்கி, மின்சாரத்தை மறிக்கும். மல்ற்றிமீற்றரால் சோதியுங்கள், ஆனால் எஞ்சின் ஓடும்போது. வெறும் பாதையில் மின்னோட்டம் இல்லாததால் கடைசி மூலையிலும் 12 வோல்ற் காட்டி உங்களை ஏமாற்றும். ஓடும்போது தொடக்கத்தில் 11, முடிவில் 8 என்று விழுந்தால் செருகிதான் கள்ளன். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டை முழு நீளத்துக்கும் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீ. வயரைப் பற்றவையுங்கள். அமிலப் பசை பாவித்துப் பற்றவைத்தால் சில மாதத்தில் பச்சை பூக்கும். ரெசின் உள்ள ஈயக் கம்பியே பாவியுங்கள். பாதை வாங்கும்போது உருக்கை விட்டு நிக்கல் சில்வரையே கேளுங்கள்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் படம் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரியே இருக்கிறது. போன் கெமரா போதாதா? – வாசகர், அக்கரைப்பற்று

போன் போதும்; பல இடங்களில் பெரிய கெமராவைவிட நல்லது. குற்றம் நிற்கும் இடத்தில். நாம் நிஜக் கோச்சியை ஒருநாளும் பருந்துபோல மேலேயிருந்து பார்ப்பதில்லை. மேடையில் நிற்கும் ஆளின் கண் நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.6 மீற்றர். 76-ஆல் வகுத்தால் 21 மி.மீ. உங்கள் வில்லை அந்த உயரத்தில் இருக்கவேண்டும். போனில் வில்லை மேல் மூலையில் இருப்பதால், போனைத் தலைகீழாகப் பிடித்துப் பலகையில் ஊன்றுங்கள். வில்லை நிலத்தோடு வந்துவிடும். படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். இந்த ஒன்றே பாதி வேலை.

அடுத்தது கூர்மை. முன்பக்கம் தெளிந்து பின்பக்கம் கலங்கினால் மூளை உடனே “சின்னப் பொருள்” என்று முடிவு கட்டிவிடும். போனின் உணரி சிறியது என்பதால் இது குறைவு. 35 மி.மீ. வில்லை பூட்டிய ஏபிஎஸ்-சி (போனைவிடப் பெரிய உணரியுள்ள) கெமராவில், 40 செ.மீ. தூரத்தில், வில்லைத் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மையான ஆழம் 6 செ.மீ. அளவுதான். டெண்டரோடு எஞ்சின் 25 செ.மீ. எஃப் 22-க்குப் போனால் ஒளிச்சிதறல் முழுப் படத்தையும் மழுங்கடிக்கும். எனவே எஃப் 8-இல் முக்காலியில் வைத்து, மிக அருகிலிருந்து தொடங்கிக் குவியத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுங்கள். ஹெலிக்கன் ஃபோக்கஸ் போன்ற மென்பொருள் அவற்றின் கூர்மையான பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்கும். கையால் சொடுக்கினால் கெமரா ஆடும். இரண்டு வினாடித் தாமதம் போடுங்கள்.

வெளிச்சம் ஒன்றே ஒன்று. வானத்தில் இரண்டு சூரியன் இல்லை. அறையின் இரண்டு பல்பும் இரண்டு நிழல் விழுத்தினால் எல்லாம் கெட்டது. ஒரு வெள்ளை எல்ஈடி விளக்கை மூன்று மீற்றருக்கு அப்பால், உயரத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு றிஜிபோம் பலகை நிறுத்தினால் சக்கரங்களுக்கு மெல்லிய வெளிச்சம் போகும். அவை இருட்டில் கிடந்தால் நீராவி எஞ்சினைப் படம் எடுத்தே பயனில்லை. பின்னணி வானத்தாளைப் பாதையிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடிவானத்தில் வெளிறியும் மேலே சற்று நீலமாகவும் தீட்டுங்கள். எஞ்சினுக்குச் சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள். தூரத்துப் பொருளின் கறுப்பு கண்ணுக்குச் சாம்பலாகத்தான் வரும். கொஞ்சம் மண்ணிறம் கலந்த கரும் சாம்பலே படத்தில் கறுப்பாக நிற்கும்.

இன்னொன்று: படம் எடுக்குமுன் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசி, பசை நூல், சாய்ந்த பெட்டி எல்லாம் அதில் தெரியும். கண்ணுக்குத் தெரியாது.

புகை எப்படி? புகை எண்ணெய்க் கருவி பூட்டலாமா? – வாசகர், வாழைச்சேனை

படத்துக்கு வேண்டாம். அந்தப் புகை நூலாக எழும்பும். எண்ணெய்ப் படலம் தண்டவாளத்தில் படிந்து சக்கரம் வழுக்கும். பஞ்சைப் பிய்த்து மெல்லிய கம்பியில் சுற்றிச் சாம்பல் நிறம் தெளித்தால் நின்ற வண்டிக்குச் சரிவரும். கணினியில் சேர்ப்பதானால் புகையின் நிழற்பக்கம் எஞ்சினின் நிழற்பக்கத்தோடு ஒத்திருக்கவேண்டும்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வெள்ளை மேகம் போடுவதுதான் பெரிய பிழை. அந்த வெள்ளை புகையல்ல, குளிர்காற்றில் நுண்துளிகளாக ஒடுங்கிய நீராவி. நம் ஊர் மத்தியான வெயிலில் அது புகைபோக்கிக்குச் சற்று மேலேயே கரைந்துவிடும். நல்ல நெருப்போடு ஓடும் எஞ்சினுக்கு மெல்லிய சாம்பல் நிறக் கீற்று போதும். வெள்ளை வேண்டுமென்றால் மார்கழி விடியற்காலைக் காட்சியாக எடுங்கள்.

ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் போகும் பாலத்தைச் செய்வது எப்படி? – வாசகர், அம்பாறை

மன்னம்பிட்டியில் 2007 வரை அப்படித்தான் போனார்கள். தண்டவாளத்தின் உள்பக்கம் சக்கர விளிம்புக்கு 1.5 மி.மீ. பள்ளம் விட்டு, மீதியைப் பிளாஸ்ரிக் தகட்டால் நிரப்புங்கள். தகடு தண்டவாளத்தின் தலையைவிட அரை மி.மீ. தாழ்ந்து இருக்கட்டும். சமமாக வைத்தால் துடைக்கும்போது தகடுதான் தேயும், தண்டவாளத்தின் அழுக்கு போகாது. துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த பருத்தித் துணி. கைகழுவும் சானிற்றைசரில் கிளிசரின் இருக்கும், அது வேண்டாம். அரத்தாளும் வேண்டாம், அது போடும் கீறலில் அடுத்த அழுக்கு இன்னும் இறுகப் பிடிக்கும்.