யாருடைய ஏ-9?

கேள்வி: ஏ-9 வீதி என்று பேச்செடுத்தாலே வெள்ளவத்தையில் இருக்கும் என் யாழ்ப்பாணத்து நண்பர்கள் கண்கலங்குகிறார்கள். அது அவர்களுடைய வீதி. மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: மாத்தளை என்று எழுதிய அதே கையால் இதையும் கேட்டுவிட்டீர்களே! ஏ-9 உங்கள் மாத்தளை வழியாகத்தான் போகிறது. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு என்று 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. கொழும்பை அது தொடுவதே இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் அந்த வீதிக்கு இன்றும் பெயர் ‘கண்டி வீதி’தான்.

கோப்பிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே நடந்துதான் மாத்தளைக்கு வந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று இன்றைய ஏ-9 தொடும் ஊர்கள்தான் அந்த வழியிலும் இருந்தன. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. வாந்திபேதியும் மலேரியாவும் கூடவே வந்தன. நடக்க முடியாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போனது. செத்தவர்களுக்குப் பாதையோரமே இடுகாடு. பெயர் எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை. அந்த 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடியும் அதே வழியில் நடந்தார்களே, அந்தச் செய்தி உங்கள் கண்ணில் படவில்லையா?

மதவாச்சிக்கு வடக்கே உங்களுக்கு ஒன்றுமில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். 1977 வன்முறையில் வீடு வாசலை இழந்த எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் இதே வீதியால் வடக்கே போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. 1983க்குப் பின்னும் போனார்கள். பிறகு போர் வந்து 1990இல் பாதை பூட்டப்பட்டபோது உள்ளே அகப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். வன்னியில் விழுந்த எறிகணை, யார் யாழ்ப்பாணத்தார், யார் மலையகத்தார் என்று பார்த்து விழவில்லை.

உங்கள் நண்பர்களின் கண்ணீருக்கும் காரணம் இருக்கிறது. பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலுள்ள கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தவர்கள் அவர்கள். போய்ச் சேராமல் அந்தத் தண்ணீரிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. போர்நிறுத்தத்தோடு 2002இல் பாதை திறந்தபோது, பல ஆண்டுகளாகப் பார்க்காத பெற்றோரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஓடினார்கள். 2006 ஆகஸ்டில், சோதனைச் சாவடி இருந்த முகமாலையில் மறுபடியும் பூட்டு விழுந்தது. 2009இல் போர் முடிந்த பிறகே வழி பிறந்தது. ஏ-9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு பை கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு வண்டியேறுவது என்ற சின்ன விஷயத்துக்காக அத்தனை வருடம் ஏங்கியவர்கள் கலங்காமல் என்ன செய்வார்கள்?

அவர்களோடு ஒருமுறை யாழ்ப்பாணம் போய் வாருங்கள். இரவு பஸ் வேண்டாம், பகலில் போங்கள். குருநாகல், தம்புள்ளை வழியாகப் போகும் பஸ் தம்புள்ளையில் ஏ-9இல் ஏறும். அங்கிருந்து மதவாச்சி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். உங்கள் பாட்டன் பூட்டன் எதிர்த்திசையில் நடந்து வந்த வழி அது. மதவாச்சியில் இடதுபக்கம் மன்னாருக்கு ஒரு வீதி பிரியும். அவர்கள் வந்தது அந்தப் பக்கமிருந்துதான்.