பழமைவாதக் கட்டுரையாளர்களின் வாதங்களைக் கேலி செய்வது சரியா?

கேள்வி: பத்திரிகைகளில் பழமைவாத அரசியல் கட்டுரை எழுதுபவர்களின் வாதங்களைக் கேலி செய்வது சரியா, மரியாதையாகப் பதில் சொல்வதுதான் முறையா?

வாதத்தைத் தாராளமாகக் கேலி செய்யலாம். எழுதியவரின் முகம், சாதி, குடும்பம் பக்கம் போகக்கூடாது, அவ்வளவுதான். அதோடு, கேலி செய்கிறவர் அந்தக் கட்டுரையை ஒருமுறையாவது முழுசாகப் படித்திருக்க வேண்டும். நான் படிக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கட்டுரைகள் காலையில் சத்தமாக வாசிக்கப்படும்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 78 வயது. முகப்பில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைச் சும்மா புரட்டிவிட்டு நேராக நடுப்பக்கத்துக்குப் போவார். தனக்குப் பிடித்தவர் எழுதியிருந்தால் வளவில், அதாவது உள்முற்றத்தில், இருக்கும் எங்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திப் படிப்பார். இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, பெண்களிடம் டிக்கெட் காசு வாங்காததால் பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது, நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் இல்லை, அந்தக் காலத்தில் யாரும் அரசாங்கத்திடம் கையேந்தியதில்லை. சுற்றிச் சுற்றி இந்த நாலைந்துதான்.

இவற்றில் எனக்குக் கோபம் வருவது, கட்டுரையின் ஆரம்பத்திலேயே வந்து நிற்கும் ஒரு பெயரில்லாத ஏழையைப் பார்த்து. ஒரு ஆட்டோக்காரர், இல்லையென்றால் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா. ‘இந்த ஆயிரம் ரூபாயால எங்க ஜனங்களே கெட்டுப்போச்சுங்க’ என்று அவராகவே சொல்வார். அவர் வாடகை எவ்வளவு கொடுக்கிறார், பிள்ளை எங்கே படிக்கிறது, அரசு பெண்களுக்கு மாசாமாசம் தரும் அந்த ஆயிரம் அவர் வீட்டில் எதற்குப் போகிறது என்று ஒரு வரி இருக்காது. கட்டுரையாளர் நினைப்பதை அப்படியே சொல்லிவிட்டு இரண்டாவது பத்தியில் காணாமல் போய்விடுவார். ஒரு மனுஷியிடம் இதற்கு மேல் கேட்க ஒன்றுமே தோன்றவில்லையா?

நான் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஆத்தங்குடிக் கல் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கம் ஈரக் கலவையை அப்பி இழைப்பார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊற வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து கல்லை எடுத்து வெயிலில் நிறுத்துகிற அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் சிமெண்டு தின்று தோல் உரிந்திருக்கும். அவரும் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார், ஓசி பஸ்ஸில்தான் வருகிறார். பஸ்ஸுக்கு முன்னெல்லாம் ஒரு தடவைக்கு 12 ரூபாய், போக வர 24, மாசத்தில் 26 நாள், ஆக 624 ரூபாய். அந்தக் காசில் மகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்திருக்கிறார். ‘சோம்பேறியாகிவிட்டார்கள்’ என்ற கட்டுரையை ஒருநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே, ‘எங்களை எங்கன வந்து பாத்தாகளாம் ஆச்சி?’ என்று கேட்டார். நான் எழுதக்கூடிய எந்தக் கேலியும் இந்தக் கேள்விக்கு ஈடாகாது.

‘தகுதி பார்க்காமல் அள்ளிக் கொடுக்கிறார்கள்’ என்பது அடுத்தது. 2023 செப்டம்பர் 15-ல் அந்த ஆயிரம் ரூபாய்த் திட்டமான மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதே விதி எல்லாம் பத்திரிகையில் வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கருக்கு மேல் இருக்கக்கூடாது, வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. இதைப் படிக்காமலா எழுதினார்கள்? படித்திருப்பார்கள். பஸ் நஷ்டக் கட்டுரையும் அப்படித்தான், பெண்களின் கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது என்ற வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். நூறு நாள் வேலைக்கோ கணக்கே வேண்டாம். 2005-ல் வந்த அந்தச் சட்டம் உறுதி சொன்னது வருஷத்துக்கு 100 நாள், அதுவும் ஆளுக்கு 100 இல்லை, குடும்பத்துக்கே 100. மிச்சம் 265 நாள் வயல் காலியாகக் கிடந்தால் அங்கே கொடுக்கிற கூலியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்களேன், நானே நாலு பேருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சொல் மாறுவதையும் கவனியுங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அரசே சொன்னது. அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது இருந்த சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாசம் ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 12,720 கோடி. இதற்குப் பெயர் இலவசம். ஒன்று நாடு முழுவதற்கும், இன்னொன்று ஒரு மாநிலத்துக்கு, அதனால் தொகையைத் தராசில் வைத்து ஒப்பிட நான் வரவில்லை. பணம் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துப் பெயர் சூட்டுவதைத்தான் சொல்கிறேன். சத்துணவை இப்போது எல்லாரும் மெச்சுகிறார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியபோது, காசைக் கரியாக்குகிறார் என்று பேசியதும் இதே படித்த கூட்டம்தான் என்று அப்பச்சியே சொல்லியிருக்கிறார். அவரும் அன்றைக்கு அதைத்தான் பேசினாராம்.

சரி, ‘அந்தக் காலத்தில் யாரும் கையேந்தவில்லை’ என்பதற்கு வருகிறேன். இது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்த கதை.

எங்கள் வீட்டுத் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை, இந்தப் பக்கம் பெரிய வீடுகள் பலவற்றிலும் அப்படித்தான். ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பச்சி, அங்கே வட்டிக்கடை வைத்திருந்தார். 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். 1948-ல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் போட்டதும் நிலமும் போயிற்று. போன வருஷம் பெட்டகத்தை ஒழுங்கு பண்ணும்போது, துணியில் சுற்றிய கட்டு ஒன்று கிடைத்தது. ஏடும் கணக்குப் பேரேடும் நடுவில், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளில் தட்டச்சு செய்த மனுவின் நகல். டெல்லிக்கு எழுதியது. குடும்பம் சிரமத்தில் இருக்கிறது, சர்க்கார் தலையிட்டு இழப்பீடு வாங்கித் தர வேண்டும் என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறார். ஆங்கில மனுவின் அடியில் ஐயாவின் கையெழுத்து தமிழில், ‘னா’வின் வால் கீழே இழுத்தபடி.

அப்பச்சியிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தார். ‘ஐயா கையேந்தியிருக்காகளே அப்பச்சி’ என்றேன். ‘அது வேற ஆத்தா. அது நம்ம உழைச்ச சொத்து’ என்றார்.

உழைத்தார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பதின்ம வயசில் கப்பல் ஏறி, கொசுக்கடியில் கிடந்து, மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் பார்த்த மனுஷர். ஆனால் நிலம் எப்படி வந்தது? 1930-க்கு அப்புறம் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் நம்மவர்களிடம் இருந்தது, 1938-ல் அது 25 சதவீதம். சட்டப்படி வந்ததுதான். அந்தச் சேற்றில் நாற்று நட்டவர்கள் வேறு ஆட்கள். இதை அப்பச்சியிடம் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது, அவர் பேசவில்லை.

ஐயா மனு போட்டதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. எல்லாம் போனவர் தன் அரசாங்கத்திடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்? அதே நியாயம் தொட்டியில் கை உரிகிற அக்காவுக்கும் உண்டு. இந்தக் கட்டுரைகளுக்கு ஞாபகம் வசதியான இடத்தில் அறுந்துவிடுகிறது, நான் கேலி செய்வது அதைத்தான்.

பழமையைச் சீண்டுவது நம் மரபுக்கு ஆகாது என்கிறவர்கள் இந்த ஊர்க் கதையையே பார்க்கலாம். காரைக்குடியில் 1917-ல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919-ல் பாரதி வந்து போனார். எழுத்தாளர்களான ராய. சொக்கலிங்கமும் சொ. முருகப்பாவும் ‘ஊழியன்’, ‘குமரன்’ என்று இங்கிருந்தே பத்திரிகை நடத்திச் சீர்திருத்தம் பேசினார்கள், முருகப்பா ஒரு கைம்பெண்ணை மணந்தும் காட்டினார். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயசை 14 ஆக்கியபோது மதம் போச்சு, குடும்பம் போச்சு என்று எழுதினவர்கள் உண்டு. 14 வயசில் கல்யாணம் என்று இன்றைக்கு ஒருவர் எழுதட்டும் பார்ப்போம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பச்சியை நான் கேலி செய்வதில்லை, அவர் வாசகர். எழுதுகிறவருக்குப் படிப்பும் பக்கமும் சம்பளமும் இருக்கின்றன, அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அப்பச்சி இன்றைக்கும் நடுப்பக்கத்தைச் சத்தமாகத்தான் படிக்கிறார். மனு விஷயத்தை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, நான் பட்டறைக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார். ‘காரைக்குடி போனா லேமினேட் பண்ணிட்டு வா ஆத்தா, பூச்சி அரிச்சிரும்’ என்றார்.